பசுவைத் தொட்டுக் கும்பிடலாமா?

கேள்வி: மே விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள் (9, 6 வயது), மாமியாருடன் சுவிட்சர்லாந்து போகிறோம். இன்டர்லாக்கனில் நான்கு நாள். மலைப்பாதையில் மாடு முட்டும் என்று யாரோ சொல்லி மாமியார் பயப்படுகிறார். ‘ஆல்ப்ஸ் விலங்குகள்’ என்று ஒருநாள் பயணத்துக்கு ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா? - கோவை வாசகி

பதில்: கட்டாதீர்கள். உயரத்து மேய்ச்சல் நிலங்களுக்கு மாடுகளை ஓட்டிப்போவது பெரும்பாலும் ஜூனில், செப்டம்பரில் இறக்கிவிடுவார்கள். மே மாதத்தில் மேலே பல பாதைகளில் பனியே உருகியிருக்காது. ஆக, ஏஜென்ட் காட்டப்போவது பள்ளத்தாக்கில் வேலிக்கு அப்பால் மேயும் மாடுகளை. ரயில் ஜன்னலிலிருந்தே அவற்றைப் பார்த்துவிடலாம். இப்படிப் பணம் கட்டிய ஒரு குடும்பம் என்னிடம் வந்து புலம்பியது: சாக்லேட் கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினார்களாம், அன்று பார்த்த ஒரே விலங்கு, கடை வாசலில் நின்ற பிளாஸ்டிக் பசு.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ஹார்டர் மலை ரயில் புறப்படும் இடத்தருகே, சிறிய விலங்குப் பூங்கா இருக்கிறது. கட்டணம் இல்லை. கொழுத்த அணில் போன்ற மர்மோட்டையும், வளைந்த பெருங்கொம்புள்ள ஐபெக்ஸ் ஆட்டையும் பிள்ளைகள் அங்கே பார்க்கலாம். ஐபெக்ஸ் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோன இனம். இத்தாலியிலிருந்து குட்டிகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வளர்த்து, 1911இல் மீண்டும் மலையில் விட்டார்கள். கடத்தலால் நல்லது நடந்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாமியாரின் பயம் நியாயமானதுதான். எனக்குப் பெரிய பயம் அவருடைய பக்தி. பசுவைக் கண்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கம். அங்கே இறைச்சிக்காக வளர்க்கும் மந்தைகளில் கன்று தாயுடனேயே திரியும். கன்றை நோக்கி நீளும் எந்தக் கையும் அந்தத் தாய்க்குப் பகைதான். நடைபாதைகளோ மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகின்றன. எனவே கன்று தெரிந்தாலே நன்றாகச் சுற்றிப் போங்கள். மாடு தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினால் ஓட வேண்டாம். முதுகைக் காட்டாமல், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். வேறு வழியே இல்லாதபோது கைத்தடியால் மூக்கில் ஓர் அடி. மாமியார் மன்னிக்கட்டும்.

ஆக, எந்த மாட்டையும் தொட வேண்டாம். இதற்கு ஒரே விலக்கு, தொழுவத்தில் கட்டியிருக்கும் கறவை மாடு. அதுவும் பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று சம்மதித்தால். பக்கத்தில் என்றால் பக்கத்தில். தூரத்து ஜன்னலிலிருந்து அவர் கையசைத்தது கணக்கில் வராது. கன்று கூட நின்றால், அவரே சம்மதித்தாலும் வேண்டாம்.

பெற்றோர் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் செல்லும் ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ வாங்கினால், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் டிக்கெட் இல்லாமல் கூடவே பயணிக்கும் குடும்ப அட்டை இலவசம். கேட்டு வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கும் பணம் கறக்கும் ஏஜென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாஸ் இருந்தாலும் யுங்ஃப்ராவ் மலையின் உயரத்து ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோக்குக்குப் போக, வெங்கன், கிரிண்டல்வால்டு ஊர்களுக்கு மேல் தள்ளுபடிதான், இலவசம் கிடையாது. இந்த விதிகளை எழுதியவர்கள் குழந்தைகளுடன் ஒருநாளாவது ரயிலேறியிருப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம். அந்தக் குடும்ப அட்டை செல்ல, பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மாமியார் மட்டும் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் வாங்க அடுத்த ஊருக்கு ரயிலேறினால் செல்லாது.