சுவரும் சம்பளப் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் குடியேறிகள் மீது நடந்துவரும் தேடுதல் வேட்டையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதிய குறிப்பில், மெக்சிகோ எல்லையிலுள்ள சுவரை ‘வீண் செலவு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். டெக்சஸில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்டவிரோதமாக வருபவரை எல்லையிலேயே தடுத்துவிட்டால் அவர் ஊர் திரும்பிவிடுவார்; இழப்பது பயணச் செலவை மட்டுமே. உள்ளே விட்டுவிட்டு, அவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, முகமூடி அணிந்த அதிகாரிகள் வேலைத்தளத்தில் புகுந்து இழுத்துச் செல்வதற்குப் பெயர்தான் அமலாக்கம் என்றால், இரண்டில் சுவரே கருணை மிக்கது. அது யாருடைய தோல் நிறத்தையும் பார்ப்பதில்லை, நள்ளிரவில் கதவைத் தட்டுவதில்லை, அதிபர் மாறினால் தானும் மாறுவதில்லை. எகிப்து எல்லையில் இஸ்ரேல் வேலி கட்டியதும், 2011இல் பதினேழாயிரமாக இருந்த ஊடுருவல் 2013இல் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்காது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். முறைப்படி காத்திருப்பவனுக்குச் சுவர் நியாயமாகத் தோன்றுவதை வெறுப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். சுவரா, அமலாக்கமா என்று கேட்டால் எதைத் தேர்வீர்கள்?

அன்புடன்,
கார்த்திகேயன், டாலஸ்

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது கருணையைப் பற்றிய வாதம்தான். சுவரை ஆதரிப்பவர்கள் பொதுவாக அதன் வலிமையைப் பேசுவார்கள். நீங்கள் அதன் மென்மையைப் பேசுகிறீர்கள். ஆனால் அந்த வாதம் முழுவதும், தடுக்கப்பட்டவர் ஊர் திரும்பிவிடுவார் என்ற ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்க முப்பது ஆண்டு வரலாறு நமக்கு இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரை ஒட்டிய எல்லையில் முதல் தடுப்பு 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்காகச் செய்யப்பட்டு மிஞ்சிக் கிடந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி நட்டார்கள். (தகடுகளின் வரிப்பள்ளங்கள் படுக்கைவாட்டில் அமைந்துவிட்டதால், ஏறுபவர்களுக்கு அவை படிகளாகப் பயன்பட்டன என்பது தனிக் கதை.) 1993இல் டெக்சஸின் எல் பாசோ நகரிலும், 1994இல் ‘கேட்கீப்பர் நடவடிக்கை’ என்ற பெயரில் சான் டியேகோவிலும் தடுப்புகளோடு காவலர்களையும் குவித்தார்கள். அந்தந்த இடங்களில் அது பலித்தது; இதை மறுப்பவர்கள் புள்ளிவிவரத்தைப் பார்க்காதவர்கள். சான் டியேகோ பகுதியில் 1992இல் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருந்த கைதுகள் 2002இல் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தன. ஆனால் அதே காலத்தில், அரிசோனா பாலைவனத்தை உள்ளடக்கிய டூசான் பகுதியில் கைதுகள் 1994இல் ஏறத்தாழ 1.4 லட்சமாக இருந்து 2000இல் ஆறு லட்சத்தைத் தாண்டின. அந்த ஆண்டு தென்மேற்கு எல்லை முழுவதிலும் பிடிபட்டவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். நகரத்தில் தடுக்கப்பட்டவர் ஊர் திரும்பவில்லை. நீரில்லாத நிலத்தின் வழியே நடந்தார். நகரங்களை அடைத்துவிட்டால் எஞ்சிய நிலத்தின் கொடுமையே ஆட்களை அச்சுறுத்தித் திருப்பிவிடும் என்பதுதான் அன்றைய அதிகாரபூர்வ உத்தி. எல்லைக் காவல் படையின் கணக்கிலேயே 1998 முதல் 2019 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த எல்லையில் மாண்டிருக்கிறார்கள். கண்டெடுக்கப்படாத உடல்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சுவரை உயர்த்திப் பார்த்ததன் விளைவும் பதிவாகியிருக்கிறது. டிரம்ப் முதல்முறை அதிபராக இருந்தபோது சான் டியேகோ பகுதியில் சுவரின் உயரம் 30 அடியானது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர்கள், சுவரிலிருந்து விழுந்து சேர்க்கப்பட்டவர்களைக் கணக்கிட்டார்கள். 2016 முதல் 2018 வரை 67 பேர் சேர்க்கப்பட்டனர். 2019 முதல் 2021 வரை 375 பேர். முதல் மூன்று ஆண்டுகளில் விழுந்து இறந்தவர் ஒருவருமில்லை. அடுத்த மூன்றில் 16 பேர். அதே காலகட்டத்தில் கடைகளில் கிடைக்கும் சாதாரண மின்ரம்பங்களால் கடத்தல்காரர்கள் புதிய சுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அறுத்தார்கள் என்பது அமெரிக்க அரசின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் சுவர் யாருடைய கதவையும் தட்டுவதில்லைதான். ஆனால் தேடுதல் வேட்டையின் வன்முறையைப் போல அதன் வன்முறை கைப்பேசியில் படமாக்கப்படுவதில்லை என்பதைத் தவிர, கருணை என்று அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. மெக்சிகோவிலிருந்து விளைச்சல் பருவத்துக்கு வந்து, உழைத்து, பணத்தோடு ஊர் திரும்பி, மறு ஆண்டு மீண்டும் வருவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1942 முதல் 1964 வரை ‘பிராசேரோ’ திட்டத்தின் கீழ் அது சட்டப்படியே நடந்தது. திட்டம் நிறுத்தப்பட்ட பின் அதே ஆட்கள் அதே பண்ணைகளுக்கு ஆவணமின்றி வந்தார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மேஸி பல பத்தாண்டுகள் மெக்சிகோ ஊர்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு காட்டியது இதுதான்: எல்லையைக் கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆக ஆக, வருபவர் எண்ணிக்கையைவிடத் திரும்புபவர் எண்ணிக்கையே பெரிதும் குறைந்தது. ஒருமுறை உயிரைப் பணயம் வைத்துக் கடந்தவர் மறுமுறையும் அப்படிக் கடக்க விரும்பாமல் அங்கேயே தங்கினார். பிறகு குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நாலாயிரமாக இருந்த எல்லைக் காவலர்கள் 2011இல் இருபத்தோராயிரத்தைத் தாண்டினார்கள். அந்தப் பெருக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 1990இல் ஏறத்தாழ 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் தொகை 2007இல் 122 லட்சமாக உயர்ந்தது. அதன்பின் அது குறைந்ததற்கு 2008இன் பொருளாதாரச் சரிவும், ஒரு குடும்பத்துக்கு ஏழு பிள்ளைகள் என்றிருந்த மெக்சிகோவில் பிறப்பு விகிதம் இரண்டை நெருங்கிவந்ததும் பெரும் காரணங்கள்.

இஸ்ரேல் எடுத்துக்காட்டைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அங்கே வேலியின் நீளம் 245 கிலோமீட்டர். மெக்சிகோ எல்லை ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர். வேலி எழுந்துகொண்டிருந்த 2012ஆம் ஆண்டிலேயே, ஊடுருவியவர்களை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் சட்டத்திருத்தமும் அங்கே நடைமுறைக்கு வந்தது. எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துச் சொல்வது கடினம். வேலி மட்டுமே சாதித்தது என்று சொல்ல வழியில்லை.

சுவர் தொடவே முடியாதவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் விமானத்தில் விசாவோடு வந்து, காலம் முடிந்தும் தங்கிவிடுபவர்கள். 2019 நிதியாண்டில் மட்டும் இப்படித் தங்கியிருக்கக்கூடும் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கணித்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். இரண்டாம் வகையினர், ஒளிந்து ஓடாமல் காவலரைத் தேடி வந்து சரணடைபவர்கள். 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டப்படி, அமெரிக்க மண்ணில் கால் வைத்த எவரும், எப்படி வந்திருந்தாலும், புகலிடம் கேட்கலாம். உங்கள் டெக்சஸில் வெள்ளச் சமவெளியும் மெக்சிகோவுடனான 1970ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தமும் குறுக்கிடுவதால், சுவர் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றிலிருந்து வெகுவாக உள்வாங்கி நிற்கிறது. ஆற்றைக் கடந்து சுவரின் அடியில் வந்து நிற்பவர் ஏற்கெனவே அமெரிக்காவுக்குள்தான் இருக்கிறார். 2021க்குப் பின் பெருகிவந்த வெனிசுவேலர்களிலும் கியூபர்களிலும் பெரும்பாலோர் இப்படி வந்தவர்களே.

இந்த அலை எப்படி அடங்கியது என்பது உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டார்கள். 2024 தொடக்கத்தில் மெக்சிகோ தன் நாட்டுக்குள்ளேயே அவர்களை மறித்துத் தெற்கே திருப்பத் தொடங்கியது; ஜூனில் பைடன் புகலிட விதிகளை இறுக்கினார்; அந்த ஆண்டின் முடிவில் மாத எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் புகலிடக் கதவை ஏறக்குறைய முழுதாகச் சாத்தினார். சில வாரங்களில் அது பத்தாயிரத்துக்கும் கீழே சென்றது. இந்த இடைவெளியில் சுவர் சொல்லத்தக்க அளவில் நீளவில்லை. மாறியவை விதியும் அதைச் செயல்படுத்திய முறையும்தான். இதை நான் கொண்டாடவில்லை, ஏனெனில் சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே உண்மையிலேயே உயிருக்கு அஞ்சி வந்தவர்களும் நிற்கிறார்கள். ஆனால் எது எண்ணிக்கையை அசைக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அப்படியானால் அமலாக்கம் என்றால் எந்த அமலாக்கம்? உங்களை வெறுப்படைய வைத்த காட்சிகள் என்னையும் வெறுப்படைய வைக்கின்றன. அதோடு, அந்த வகை அமலாக்கம் பயனும் தருவதில்லை. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு பேரமாக உருவானது. ஏற்கெனவே இருந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை; இனிமேல் ஆவணமற்றவரை ‘தெரிந்தே’ வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்குத் தண்டனை. முதல் பாதி நிறைவேறியது. இரண்டாம் பாதி அந்தத் ‘தெரிந்தே’ என்ற சொல்லுக்குள் காணாமல் போனது. தொழிலாளி நீட்டும் அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும், முதலாளியின் பொறுப்பு முடிந்தது.

2019 ஆகஸ்டில் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தின் கோழி இறைச்சி ஆலைகளில் ஒரே நாளில் 680 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். தொழிலாளரின் ஆவணங்களைக் கணினி வழியே சரிபார்க்கும் ‘இ-வெரிஃபை’ முறை அந்த மாநிலத்தில் பல ஆண்டுகளாகவே கட்டாயம். பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே அது பார்க்கும் என்பதால், இன்னொருவரின் உண்மையான எண்ணைக் கடன் வாங்கியவர் எளிதில் தப்பிவிடுவார். ஆவணமற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அது தகுதியுள்ளவர்கள் என்றே தவறாகத் தேற்றிவிடுகிறது என்று அரசுக்காக நடத்தப்பட்ட மதிப்பீடே சொன்னது. அந்தக் கைதுகளுக்கு ஓராண்டு கழித்து அந்த ஆலைகளின் மேலாளர்கள் நால்வர் மீது குற்றச்சாட்டு பதிவானது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் எடுத்த கணக்குப்படி, 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரையிலான ஓராண்டில், ஆவணமற்றவரைத் தெரிந்தே வேலைக்கு அமர்த்திய குற்றத்துக்காக நாடு முழுவதும் வழக்குத் தொடரப்பட்டவர்கள் பதினொரு தனிநபர்கள். நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

இத்தனை ஓட்டைகள் உள்ள இ-வெரிஃபை என்ற அந்தக் கருவியே, சம்பளப் பட்டியலைத் தொட்டபோது சுவரைவிட வேகமாக வேலை செய்தது. அரிசோனா 2008இல் அதை எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயமாக்கி, மீறினால் தொழில் உரிமம் பறிபோகும் என்றது. அதன் விளைவாகக் குடியுரிமையற்ற ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க மரபினர்) ஏறத்தாழ 92,000 பேர் அந்த மாநிலத்தில் குறைந்தனர் என்று கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தங்கியவர்களில் பலர் கணக்கில் வராத சுயதொழிலுக்கு நகர்ந்து இன்னும் ஏழைகளானார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. எனவே இதையும் நான் வலியற்ற வழி என்று விற்க மாட்டேன்.

இந்த வழியை நாடு முழுவதற்கும் யாரும் கொண்டுசெல்லாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. பயிர்ப் பண்ணைகளில் உழைப்பவர்களில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினர் ஆவணமற்றவர்கள் என்று தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பே சொல்கிறது. 2025 ஜூனில் பண்ணைகள், உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றில் தேடுதலை நிறுத்திவைக்கும்படி ஓர் உத்தரவு போய், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதைக் கவனித்திருப்பீர்கள். சுவருக்கு ஓட்டுப் போடும் பண்ணை முதலாளிக்குச் சுவரால் நட்டமில்லை; சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்கும் ஆய்வாளரால் உண்டு.

வரிசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மனக்குறையை வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000 என்ற உச்சவரம்பும், எந்த நாட்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியும்தான் உங்களைக் காக்க வைத்திருக்கின்றன. எல்லையைத் தாண்டி வந்தவர் எவரும் உங்களுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. சொல்லப்போனால் அவருக்கு நிற்பதற்கு வரிசையே கிடையாது: பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கென்று உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் பத்தாயிரம் கிரீன் கார்டுகள்தான். பருவகால விவசாய விசாவுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் பசுக்கள் ஆண்டு முழுவதும் கறப்பதால் பால் பண்ணைகளுக்கு அந்த விசா பொருந்தாது. நம்மவர்கள் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் பனியில் நடந்துவர முயன்ற குஜராத்திக் குடும்பத்தினர் நால்வர் எல்லைக்குச் சில மீட்டர் தொலைவில் உறைந்து இறந்தார்கள். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு ஏற்றிவந்த ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். அமலாக்கம் என்பதே என் விடை. அதில் முதலிடம் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு, அடுத்தது குடிவரவு நீதிமன்றத்துக்கு. சான் டியேகோ, எல் பாசோ போன்ற நகரங்களில் நிற்கும் சுவரை இடிக்கச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு கிலோமீட்டர்கூடக் கட்ட மாட்டேன். கூலி, வேலைநேரச் சட்டங்கள் மீறப்படுகின்றனவா என்று நாடு முழுவதும் சோதிக்கும் மத்திய அரசு ஆய்வாளர்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு. அவர்களைப் பல மடங்காக்குவேன். குடிவரவு நீதிமன்றங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருக்கின்றன. புகலிடக் கோரிக்கைக்கு ஆறு மாதத்தில் தீர்ப்பு வந்தால், தகுதியுள்ளவர் நிம்மதியாகத் தங்குவார். தகுதியற்றவருக்குத் தீர்ப்பு வரும்வரையிலான நான்கைந்து ஆண்டுகளின் சம்பளம் என்ற ஈர்ப்பு இராது. உங்களை வருத்திய, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு நாடுகடத்தப்படும் நிலையும் பெரும்பாலும் எழாது. ஆனால் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் சுவருக்கு 4,650 கோடி டாலரையும் தடுப்புக்காவலுக்கு 4,500 கோடி டாலரையும் ஒதுக்கிவிட்டு, 2028 நவம்பர் முதல் குடிவரவு நீதிபதிகளின் எண்ணிக்கை 800ஐத் தாண்டக்கூடாது என்று அதே சட்டத்தில் வரம்பும் கட்டியிருக்கிறது.