வாசகர் கேள்வி – பதில்: றிசீவர்களின் பயிற்றுவிப்பாளர்

கேள்வி: கனடாவில் பிறந்த என் அண்ணாவின் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இறுதி ஆண்டு படிக்கிறார். படிப்பு முடிந்ததும் அமெரிக்க உதைபந்தாட்டக் கல்லூரி அணிகளில் றிசீவர்களுக்குப் பயிற்றுவிப்பாளராகப் போவதாகச் சொல்லிவிட்டார். அண்ணா கலங்கிப் போயிருக்கிறார். இதை நம்பி ஒரு பிள்ளை பிழைக்க முடியுமா?
– வாசகி, தருமபுரம்

பதில்: பிழைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் ஆசிரிய நியமனம் பெற்று ஓய்வூதியம் வரை நிம்மதியாக இருப்பதைப் போன்ற உத்தியோகம் இது அன்று. அமெரிக்க உதைபந்தாட்டம் றக்பிக்கு நெருங்கிய ஆட்டம். முன்னோக்கி எறியப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவரே றிசீவர். அவர்களுக்கெனத் தனியாக ஒரு பயிற்றுவிப்பாளர் இருப்பார்.

பெரும்பாலானோர் முதுகலை படித்தபடியே அணியில் உதவும் பட்டதாரி உதவியாளராகத் தொடங்குகிறார்கள். கைக்கு வருவது சிறு தொகைதான். ஆயினும் முதுகலைப் படிப்பின் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்பது வழக்கமென்பதால், அந்தப் பட்டத்தை முடிக்காமல் வெளியேற வேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏனென்றால், தலைமைப் பயிற்றுவிப்பாளர் நீக்கப்பட்டால் அவர் சேர்த்த உதவியாளர்களும் பெரும்பாலும் வேலையை இழக்கிறார்கள்.

டாபோ ஸ்வின்னிக்கு அதுதான் நேர்ந்தது. 1992இல் தேசிய வாகையான அலபாமா பல்கலைக்கழக அணியில் றிசீவராக இருந்த அவர், அங்கேயே உதவியாளராகி, பின்னர் பயிற்றுவிப்பாளராகவும் உயர்ந்தார். 2000ஆம் ஆண்டுப் பருவத்தோடு தலைமை மாறியதும் வேலை போயிற்று. சுமார் இரண்டு ஆண்டுகள் காணி, கட்டட வியாபார நிறுவனமொன்றில் வேலை செய்தார். 2003இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் றிசீவர் பயிற்றுவிப்பாளரானார். 2008 ஒக்ரோபரில், பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்றுவிப்பாளர் விலகியபோது தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர், பின்பு நிரந்தரமாகி, 2016, 2018 பருவங்களில் தேசிய வாகை சூடினார். எல்லோருக்கும் இப்படி அமையாது என்பதையும் அண்ணா அறிந்திருக்கட்டும்.

தொழில்முறை லீக்கில் ஏழு பருவங்கள் ஆடிய பிரையன் ஹார்ட்லைனே 2017இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்கினார். அவரிடம் பயின்ற இருவர், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2022 வீரர் தெரிவில் 10ஆவது, 11ஆவது இடங்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டனர். இத்தகைய பெயர் பரவினால் நல்ல இளைஞர்கள் தேடி வருவார்கள். இல்லாவிட்டால் பயிற்றுவிப்பாளர்தான் உயர்பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் அலைந்து, பெற்றோரோடு பேசிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். மருமகனுக்கு அந்தப் பேச்சு வருமா என்று முதலில் பாருங்கள். ஆட்ட அறிவு மட்டும் போதாது.

கேள்வி: பந்தைப் பிடிப்பதற்கென்றே ஒரு பயிற்றுவிப்பாளர் எதற்கு?
– உடற்கல்வி ஆசிரியர், மல்லாவி

பதில்: பிடிப்பதிலும் நுணுக்கம் உண்டு. இருபுறமும் கூரான அந்தப் பந்து சுழன்று வரும். நெஞ்சுக்கு மேலே வந்தால் இரு பெருவிரல்களும், இடுப்புக்குக் கீழே வந்தால் இரு சின்ன விரல்களும் நெருங்கியிருக்க வேண்டும். பந்து அக்குளுக்குள் அடங்கும்வரை கண் அதைவிட்டு விலகக் கூடாது. ஆனால் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது கால்தான். றிசீவர் ஓட வேண்டிய பாதைகளுக்குப் பொதுவாக 0 முதல் 9 வரை இலக்கமிடுவார்கள். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து எறிபவரின் கையைவிட்டுப் புறப்பட்டுவிடுவதால், எத்தனையாவது காலடியில் திரும்புவது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும்; ஓரடி கூடினாலும் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடலாம். விரல் வைக்கும் முறையை உங்கள் எல்லே அணிக்கும் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.