பச்சை ஃபியூஸ் போட்டது யாருன்னு தான் முதல்ல கேப்பாங்க

கேள்வி: நான் வியாசர்பாடி. ஆன்லைன்ல 14,500 ரூபாய்க்கு கார் ஸ்டீரியோ வாங்கி, மூலக்கடை பக்கம் ஒரு கடைல 1,200 குடுத்து மாட்ட சொன்னேன். மாட்டிட்டு இருக்கும்போதே ரெண்டு நிமிஷம் பாடிட்டு பவர் போயிடுச்சு. செட் ஃபால்ட்டுன்னு கடைக்காரர் சொல்றார், ஃபிட்டிங் தப்புன்னு வித்தவங்க சொல்றாங்க. என் ஒய்ஃப் முன்னாடியே மரியாதை இல்லாம பேசிட்டார். எலக்ட்ரிகல் தெரிஞ்ச என் மச்சான் வீட்ல பாத்தும் சரியாகல. ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டு 2 லட்சம் கேக்கலாமா? போட்டோ அனுப்பிருக்கேன்.

பதில்: மரியாதை இல்லாம பேசினது வலிக்கும் தான், ஆனா இந்த கேஸ்ல அதுக்கு மதிப்பு இல்ல, விட்டுடுங்க. 2 லட்சத்தையும் மறந்துடுங்க. பவர் போன நிமிஷத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த ஒயர்ல யார் கை பட்டுச்சு, அது ஒண்ணு தான் விஷயம்.

உங்க போட்டோவை பெருசு பண்ணி பாத்தேன். செட் பின்னாடி லேபிள்ல 10 ஆம்பியர்னு போட்டிருக்கு, சொருகி இருக்கிறது பச்சை ஃபியூஸ். 10 ஆம்பியர்னா சிவப்பு, பச்சைன்னா 30. உங்க மச்சான் சிவப்பு எரிஞ்சதை பாத்து கைல இருந்ததை போட்டிருக்கார், உதவி பண்ணணும்னு தான் பண்ணார், புரியுது. ஆனா ஷார்ட் இருந்தா எரிய வேண்டியது ஃபியூஸ், 30 போட்டா அது சட்டுன்னு எரியாது, அதுக்கு முன்னாடி ஒயரும் உள்ள இருக்கிற போர்டும் எரிஞ்சிடலாம். எதிர்ல வர்ற வக்கீல் நீங்க சொன்ன எதையும் மறுக்க மாட்டார், அந்த போட்டோவை நீட்டி இது யார் போட்டதுன்னு மட்டும் கேப்பார்.

இதே மாதிரி பெரம்பூர்ல ஒருத்தர் என்கிட்ட வந்தார், இன்வெர்ட்டர் கேஸ். ரிப்பேர்காரர் கெடுத்தது நிஜம் தான், ஆனா கோவத்துல வேற ஆள்கிட்ட பிரிக்க குடுத்து, "அவன் பாத்தும் ஆகல"ன்னு முதல் ரிப்பேர்காரருக்கே வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுட்டார். அந்த ஒரு வாய்ஸ்லயே கேஸ் முடிஞ்சுது. நீங்களும் கடைக்காரருக்கு ஏதாவது அனுப்பிருந்தா அழிக்காதீங்க, இனிமே அனுப்பவும் வேணாம்.

கன்ஸ்யூமர் கோர்ட்ல 5 லட்சத்துக்குள்ள பொருளுக்கு ஃபீஸ் இல்லன்றதால எல்லாரும் துணிஞ்சு போட்டுடறாங்க. ஆனா சேவைல குறைன்னு நிரூபிக்கிறது புகார் குடுத்தவர் பொறுப்புன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. 2019 கன்ஸ்யூமர் சட்டம் 38-வது பிரிவுல, பொருளை டெஸ்ட் பண்ணா தான் தெரியும்னா லேபுக்கு அனுப்புவாங்க, அந்த செலவை முதல்ல உங்களையே கட்ட சொல்லலாம். கட்டி அனுப்பி, "அதிக கரண்ட்ல போர்டு எரிஞ்சிருக்கு"ன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா உங்க காசுலயே எதிராளிக்கு சாட்சி வாங்கி குடுத்த மாதிரி ஆயிடும். 14,500 ரூபாய் செட்டுக்கு இது தேவையா?

உங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. கருப்பு எர்த் ஒயரை பெயிண்ட் அடிச்ச பிராக்கெட் ஸ்க்ரூலயே முறுக்கி விட்டிருக்காங்க, பெயிண்ட் மேல எர்த் சரியா கிடைக்காது, பவர் போறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். அந்த முறுக்கை பிரிக்காதீங்க. 1,200 கட்டின யூபிஐ ரசீது, எரிஞ்ச சிவப்பு ஃபியூஸ், ரெண்டையும் பத்திரப்படுத்துங்க. ஃபியூஸை மச்சான் குப்பைல போட்டிருந்தா இன்னைக்கே தேட சொல்லுங்க.

அதை கைல வெச்சுக்கிட்டு கடைக்காரர்கிட்ட செட்டில்மெண்ட் பேசுங்க. 1,200 திரும்ப, செட் விலைல பாதின்னு கேளுங்க, மச்சான் ஃபியூஸ் மாத்தினதை கேட்டா மறைக்க வேணாம். 5,000 தரேன்னா வாங்கிடுங்க, "இதோட கணக்கு முடிஞ்சுது"ன்னு ரெண்டு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. முடியாதுன்னா 2 வருஷம் டைம் இருக்கு, அப்ப பாக்கலாம். வித்தவங்களை இப்ப தொடாதீங்க, அவங்க சர்வீஸ் சென்டர்ல முதல்ல எழுதறதே "வெளி சேதம்"னு தான்.

இன்னொண்ணு, அந்த பச்சை ஃபியூஸோட வண்டி ஓட்டாதீங்க, ஒயர் டேஷ்போர்டுக்குள்ள தீப்பிடிக்கலாம், இன்னைக்கே உருவி ஒரு கவர்ல போட்டு வைங்க. பச்சை போட்டதை மறைக்க அந்த இடத்துல புது சிவப்பை சொருகி போட்டோ எடுத்து கொண்டு வந்தா நான் கேஸ் எடுக்க மாட்டேன்.