மொலைசனின் சான்று மட்டும் ஏன் போதாது?

மறதி நோயாளியான ஹென்றி மொலைசனை மட்டும் சான்றாகக் காட்டி எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். அவர் ஒருவரின் நிலையை மட்டும் கொண்டு, நிகழ்வு நினைவும் (நடந்தவற்றை நினைவுகூர்தல்) செய்திறன் கற்றலும் (பயிற்சியால் ஒரு திறனைப் பெறுதல்) மூளையின் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்று முடிவு செய்ய இயலாது; மதிப்பெண் குறைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். 1953-இல் நடந்த மூளை அறுவைக்குப் பின் புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த முடியாத அவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்பதை நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் காட்டினார். ஆயினும், வரைதல் எளிய பணி என்பதால் சிதைந்த அதே அமைப்பே அதற்குப் போதுமானதாக இருந்தது என்று ஒருவர் வாதிடலாம்.

அந்த வாதத்தை முறியடிக்க எதிர்த்திசைச் சான்று வேண்டும். நோல்டன், மாங்கல்ஸ், ஸ்குவையர் ஆகியோரின் 1996 ஆய்வில், சீட்டுகளைப் பார்த்து மழையா வெயிலா என்று கணிப்பதை மறதி நோயாளிகள் படிப்படியாகக் கற்றாலும் பயிற்சியின் விவரங்களை மறந்தனர். பார்க்கின்சன் நோயாளிகளிடமோ இது தலைகீழாக இருந்தது: பயிற்சியின் விவரங்கள் நினைவில் இருந்தும் கணிப்பதைக் கற்க இயலவில்லை. டபுள் டிஸ்ஸோசியேஷன் (இரட்டைப் பிரிவு) என்பது இதுதான், மிக அழகான சான்றும்கூட.

பணிகள் இரண்டு, நோயாளிக் குழுக்கள் இரண்டு என நான்கு கட்டங்கள் வரைந்து, உங்கள் சான்றுகள் எல்லாக் கட்டங்களையும் நிரப்புகின்றனவா என்று பாருங்கள்.

மொலைசனை ‘ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) மட்டும் அகற்றப்பட்டவர்’ என்று எழுத வேண்டாம்: அதன் அருகிலுள்ள, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவின் பெரும்பகுதியும் அருகிலுள்ள புறணியும் நீக்கப்பட்டிருந்தன, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி எஞ்சியிருந்ததை 1997-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது.