டிஷ்யூ பாக்கெட் வைத்த காடு

கேள்வி: எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு காடு இருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று காட்டும் சிங்கப்பூரின் பெருந்திட்ட வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் ‘ரிசர்வ் சைட்’ என்று போட்டிருக்கிறது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சுற்றுச்சூழலையும் நிலத்தையும் காக்க நம் சட்டங்கள் போதும்தானே?
– வாசகி ஒருவர், உட்லண்ட்ஸ்

பதில்: அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டியிருக்கிறது, சகோதரி. மன்னியுங்கள். சட்டங்கள் போதுமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். ‘ரிசர்வ்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு உணவங்காடிக்குப் போகிறீர்கள். கையில் தட்டு, தட்டில் சூடான மீ கோரெங். தூரத்தில் ஒரு மேசை காலியாகத் தெரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ ‘சோப்’ பண்ணிவிட்டார்கள், அதாவது இடம் பிடித்துவிட்டார்கள். வரப்போகிறவர் யார், ஒரு ஆளா ஆறு ஆளா, எப்போது வருவார், எதுவும் தெரியாது. ஆனால் இடம் போய்விட்டது. நம் தாத்தாக்கள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள். என் அத்தை கல்யாணப் பந்தியில் கைப்பையை ஒரு நாற்காலியிலும் குடையை அடுத்ததிலும் வைத்து நான்கு பேருக்கு இடம் பிடிப்பார். நாம் டிஷ்யூ வைக்கிறோம்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் ‘ரிசர்வ் சைட்’ என்பதும் இதேதான். எதற்குப் பயன்படுத்துவது என்று இன்னும் முடிவாகாத நிலம் என்பதுதான் அதற்குப் பொருள். வரைபடத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும். டிஷ்யூ வைத்தாயிற்று, ஆள் இன்னும் வரவில்லை. அதுவரை அணிலும் மீன்கொத்தியும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வீடோ தொழிற்பேட்டையோ சாலையோ வந்து நிற்கும் நாளில் எழுந்து போகவேண்டியவை அவைதாம்.

‘நேச்சர் ரிசர்வ்’ என்பது வேறு. அதற்குத் தமிழில் குழப்பமே வராத சொல் இருக்கிறது: காப்புக்காடு. தமிழ்நாட்டு மலைப்பாதைகளில் வனத்துறைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது என்பார் என் பாட்டி. கையில் கட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவரையும் சேர்த்துத்தான் கட்டும். அப்படிச் சட்டம் காப்புக் கட்டிய காடுகள் சிங்கப்பூரில் நான்குதான்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். அந்த ரிசர்வையும் இந்த ரிசர்வையும் ‘ஒதுக்கப்பட்ட நிலம்’ என்றே எழுதிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. எத்தனை கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒன்று காப்புக்காடு, மற்றது முடிவாகாத நிலம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உங்களைப் போன்றவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

காப்புக் கட்டிய காட்டுக்கும் காயம் பட்டிருக்கிறது. 1986-இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமாவையும் நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. விலங்குகள் கடக்க அதன் மேல் மரம் நட்ட பாலம் வர 2013 ஆயிற்று. அழுங்கு என்கிற எறும்புதின்னி அதில் நடந்துபோவதைக் கேமராவில் பதிந்திருக்கிறார்கள். இருபத்தேழு வருடம் கழித்து.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டுப் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ காலி நிலத்திலோ நிற்கும் மரத்தின் சுற்றளவு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது ஒரு மீட்டரைத் தாண்டினால், அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். இதைப் படித்த அன்று மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கார்ப்பேட்டைத் தூங்குமூஞ்சி மரத்துக்கு 60 அங்குல நாடா பாதிதான் எட்டியது. அப்படியே சாலையைக் கடந்து காட்டோரம் போனேன். அங்கே சிம்போ ஆயர் புதர்கள், மஞ்சள் பூவும் தட்டு அகல இலையுமாக. தெம்பே என்னும் சோயாக் கட்டியை மடிக்கிற அதே இலை. தண்டு என் மணிக்கட்டு அளவுகூட இல்லை. அந்தப் புதருக்குள் வாழும் நூறு உயிர்களை நாடா அளக்காது. பழம் தின்னும் குருவியும் அடியில் ஒளியும் உடும்பும் எத்தனை சென்டிமீட்டர்?

அதை அளக்கிற வேலைதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அது இங்கே நடக்கிறது. முன்பைவிட நன்றாகவும் நடக்கிறது, அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். ஆனால் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. திட்டமிடல் நடைமுறைக்குள் ஒரு படியாகவே இருக்கிறது. தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது எத்தனையாவது முறை என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்னும் எழுதுவேன். ஆலைகள் வெளிவிடும் பசுமை இல்ல வாயுக்களுக்கான கார்பன் வரியைப் பாருங்கள்: 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024-இல் 25, 2026-இல் 45. தொகையும் ஆண்டும் முன்கூட்டியே தெரியும், ஆலைகள் கணக்குப் போட்டுத் தயாராகின்றன. காட்டுக்கு மட்டும் ஏன் அந்தத் தெளிவு கூடாது? 1966-இன் நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தத் தீவின் பெரும்பகுதி நிலம் அரசின் கையில் வந்துவிட்டது. உரிமையாளரும் அரசு, திட்டமிடுபவரும் அரசு. அதனால்தான் கேட்கிறேன், கட்டுகிறவரையும் கட்டுப்படுத்தும் காப்பு வேண்டும் என்று. கிராஞ்சியில் பல்லுயிர் ஆய்வு முடியுமுன்னே காட்டின் ஒரு பகுதி தரைமட்டமாகிவிட்டது 2021-இல் தெரியவந்தது. ஆய்வாளர் வந்து எண்ண அங்கே மரம் இருக்கவேண்டாமா?

“மரம் மரம் என்கிறாயே, பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா?” என்று காப்பிக் கடையில் ஒரு நண்பர் வாரம் தவறாமல் கேட்கிறார். வேண்டும். சுமார் 735 சதுர கிலோமீட்டரில் அறுபது லட்சம் பேர் இருக்கிறோம், என் மகனும் பிடிஓ என்னும் புது அரசு அடுக்குமாடி வீட்டுக்கான வரிசையில்தான் நிற்கிறான். ஆனால் 2021-இல் டோவர் காட்டுக்கு என்ன நடந்தது? மக்கள் எழுதினார்கள், பேசினார்கள். கிழக்குப் பாதியில் முதலில் வீடு, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. அதற்கும் முன்னால், 2001 டிசம்பரில், புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தள்ளிப்போடப்பட்டது. தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கி ஒவ்வொரு நட்சத்திரமீனாகப் பதிவு செய்து காட்டியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது.

உங்கள் கேள்வியில் வரைபடம் இருக்கிறது, சகோதரி. அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்து கேளுங்கள். வைக்கோல் நிறத் தலையுள்ள புல்புல் கூவுகிறதா? கூண்டில் அடைத்து விற்றே அந்தப் பறவையைப் பல நாடுகளில் அழித்துவிட்டார்கள். உலகத்தில் அதற்கு மிச்சமிருக்கும் முக்கியமான புகலிடங்களில் நம் தீவும் ஒன்று. அல்பிசியா மரத்தின் உச்சியில் கழுகுக் கூடு தெரிகிறதா? தேதி போட்டு எழுதி வையுங்கள். பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறார்கள், வரைவைக் காட்சிக்கு வைத்துக் கருத்தும் கேட்கிறார்கள். அப்போது அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

உங்களுக்குச் சௌகரியமான ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குத் தையல் நாடாவோடு வந்துவிடுகிறேன்.