பேப்பர் கப்புக்கு ஏன் ஃபைன்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீக்கடை வச்சிருக்கேன் சார். பேப்பர் கப்பு வச்சிருந்ததுக்கு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் ஃபைனும் போட்டுட்டாங்க. தடை பிளாஸ்டிக்குக்குத் தானே, இதுக்கு பேரே பேப்பர் கப்பு தானே? எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேட்டா பதிலே இல்ல.
- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கோபம் புரியுது, ஆனா சட்டத்துல இருக்குங்க. 2018 ஜூன் 25-ம் தேதி தமிழ்நாடு அரசு போட்ட அரசாணை எண் 84, 2019 ஜனவரி 1-லேர்ந்து அமல். 'பிளாஸ்டிக் கூடாது'ன்னு பொத்தாம்பொதுவா ஒரு வரி எழுதிட்டு விட்டுடல, 14 பொருளை பேர் சொல்லி லிஸ்ட் போட்டிருக்காங்க, அதுல பிளாஸ்டிக் டீ கப்பு தனி, 'பிளாஸ்டிக் பூசிய காகித கப்பு' தனி. உங்க கப்பு அந்த ரெண்டாவது. நம்பலைன்னா ஒரு கப்பைக் கிழிச்சு ராத்திரி பூரா தண்ணில ஊறப் போடுங்க, காலைல பேப்பர் கூழாயிடும், உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் மட்டும் உரிஞ்சு வரும். அது இல்லைன்னா சூடா ஊத்தின டீ எப்பவோ ஒழுகியிருக்கும்.

கப்பு தயாரிக்கிறவங்களும் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் பாத்தாங்க, 2023 அக்டோபர்ல தடை செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு. லிஸ்ட்லயே பேர் இருக்குறப்போ 'சட்டத்தோட நோக்கம் இது இல்லையே'ன்னு வாதாடுறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா எந்த அரசாணைன்னு கேட்ட ஆளுக்கு எடுத்துக் காட்டாம ஃபைன் ரசீதை மட்டும் நீட்டுறது எனக்கும் சரியாப் படல. கண்ணாடி கிளாஸுக்கு மாறிடுங்க, டீக்கும் அதான் ருசி.

கேள்வி: ஜவுளிக்கடையில தர்ற துணி மாதிரியான பை ஓகேவா? இன்னொரு கடையில 120 மைக்ரான் கவர், பர்மிஷன் உண்டுன்னு சொல்றாங்களே?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: கடைக்காரர் சொல்றது பாதி சரி. மத்திய அரசு ரூல்ல, 2022 டிசம்பர் 31-லேர்ந்து 120 மைக்ரானுக்குக் (மைக்ரான்ங்கிறது தடிமனை அளக்குற கணக்கு, ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) குறைஞ்ச கேரி பேக் கூடாது, அதுக்கு மேல ஓகே. ஆனா நம்ம அரசாணைல 'எந்த அளவு, எந்த தடிமனா இருந்தாலும்'னு ஒரு வார்த்தை இருக்கு, அந்த ஒரு வார்த்தைல மைக்ரான் கணக்கெல்லாம் அடிபட்டுப் போச்சு. தமிழ்நாட்டுக்குள்ள 120-ம் கூடாது, 200-ம் கூடாது.

துணி மாதிரி பைன்னு நீங்க சொல்றது நான்-வோவன். நெய்தது இல்ல, பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் இழையை சூட்டுல ஒட்டினது. கையில பிடிச்சா துணி, நெருப்புல காட்டினா உருகும். அதுவும் அந்த 14-ல ஒண்ணு. சொல்லப்போனா மேல சொன்ன அதே தீர்ப்புல இந்தப் பை விஷயத்தை மட்டும் திரும்பப் பரிசீலிக்கச் சொன்னாங்க, ஏன்னா மத்திய ரூல் 60 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்ங்கிற எடைக் கணக்கு) மேல இருந்தா அனுமதிக்குது. அந்த வழக்கு கிழக்கெல்லாம் நமக்கெதுக்கு, வீட்டுலேர்ந்தே ஒரு மஞ்சப்பையை மடிச்சு ஹேண்ட்பேக்ல போட்டுக்குங்க.

கேள்வி: 'சாப்பாட்டு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்'னு லிஸ்ட்ல பாத்தேன். எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஆறு வருஷமா ஒண்ணு கெடக்கு, தூக்கிப் போட்டுடணுமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்க கேள்வி தான் இந்த வாரம் எனக்குப் புடிச்சது! அந்த வரியை மட்டும் தனியா பிச்சு படிச்சா நீங்க மாட்டிக்குவீங்க. ஆனா அந்தத் தடையே 'ஒருமுறை பயன்படுத்தி தூக்கி எறியும்' பிளாஸ்டிக்குக்குத் தான், கீழ இருக்குற 14-ஐயும் அந்த தலைப்பை மனசுல வச்சுத் தான் படிக்கணும். ஆறு வருஷமா துடைச்சுத் துடைச்சு வச்சிருக்குறது அதுல எப்படி வரும்? இது என் வாசிப்பு தான், தீர்ப்பு இல்ல. கல்யாண மண்டபத்துல பந்திக்கு பந்தி ரோலை உருட்டி விரிச்சு, சாப்பிட்டதும் எச்சில் இலையோட சேத்து சுருட்டி எறியுறாங்களே, பிளாஸ்டிக்ல செஞ்ச அந்த விரிப்பைத் தான் அந்த வரி சொல்லுது, உங்க வீட்டு பூப்போட்ட ஷீட்டை இல்ல.