பட்டவராயன் செருப்பு

அண்ணாச்சி,

முக்கூடலில் என் ஆச்சி ஐம்பது வருஷம் பீடி சுற்றியவள். அவளைப் பற்றி நான் எழுதிய கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடையில் பீடியைக் கழிவு என்று தள்ளும் இடத்தைப் படித்த மாமா, "கடைக்காரரை நல்லவராக மாற்று, யாருக்கும் சங்கடம் இருக்காது. கதை எழுதினால் கூலி ஏறிவிடுமா?" என்கிறார். மாற்றலாமா?

ஒரு வாசகர்

தம்பி,

கூலி ஏறாது. அதைச் சங்கம்தான் வாங்கித் தரணும். மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. அடுத்த வருஷம் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், சாமி போட்டு நடக்கிறார் என்பார்கள். வில்லுப்பாட்டில் இவர்தான் முத்துப்பட்டன். பிராமணர். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் போகிறார். தகப்பன் வாலப்பகடை, "பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் கொண்டுவா" என்கிறான். அத்தனையும் செய்கிறார்.

இந்தக் கதையைப் பதிப்பித்தவர் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980). அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று பாட்டில் வருவது பிற்பாடு சேர்த்தது என்றார். அன்றைக்கும் ஒரு மாமா இருந்திருக்கிறார், பாருங்கள்! ஆனால் அவரால் செருப்பை எடுக்க முடியவில்லை.

உங்கள் கதையில் எனக்குக் குறை வேறு. ஆச்சி பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். அவள் கை என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்ற வேண்டாமா? என் அம்மாவும் பீடி சுற்றியவள்தான். கடையில் எடைபோட்டுத் தரும் இலையில் பாதி பொத்தலாக இருக்கும், ஆயிரம் பீடிக்குத் தேறாது. சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்றுவாள். கழிவு என்று தள்ளியதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது ஒருநாள் சொன்னாள்: "தள்ளுனதையும் அவன் விக்கத்தானல செய்வான்."

கடைக்காரர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் தம்பி. ஆச்சியிடம் சுகம் விசாரித்து, சிரித்துக்கொண்டே தள்ளட்டும். தள்ளிய கட்டு எங்கே போகிறது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.